ஜூக்பாக்ஸ் கம்பெனி செய்த துப்பாக்கி

சிகாகோவில் இருந்த ராக்-ஓலா நிறுவனத்துக்குத் தொழில் ஜூக்பாக்ஸ் செய்வது. காசைப் போட்டுப் பொத்தானை அழுத்தினால் கேட்ட பாட்டைப் பாடும் பெட்டி. இரண்டாம் உலகப் போருக்குள் அமெரிக்கா இறங்கியதும், பாட்டுப் பெட்டி செய்த கைகளே துப்பாக்கி செய்யத் தொடங்கின. எம்1 கார்பைன் ரகத்தில் ஏறத்தாழ 2,28,000 துப்பாக்கிகளைச் செய்து கொடுத்தது ராக்-ஓலா. போர் முடிந்ததும் மறுபடியும் ஜூக்பாக்ஸுக்கே திரும்பிவிட்டது.

எண்பது ஆண்டுகள் கழித்து இன்று, அந்தத் துப்பாக்கிகளில் இருந்த கட்டைவிரல் அளவு இரும்புத் துண்டுகளுக்கு இணைய ஏலத்தில் போட்டி நடக்கிறது. அதே வடிவத்தில், அதே வேலையைச் செய்யும் துண்டு ஜெனரல் மோட்டார்ஸின் இன்லண்ட் பிரிவில் செய்யப்பட்டிருந்தால் சல்லிசாகக் கிடைத்துவிடும். ராக்-ஓலாவின் குறி பொறித்திருந்தாலோ விலை எகிறும். சேகரிப்பாளர் காசு கொடுப்பது அந்தக் குறிக்குத்தான். பழைய ராணுவத் துப்பாக்கிகளுக்கு உதிரி வாங்கும் உலகம் முழுக்க இந்த மாதிரிச் சின்னஞ்சிறு எழுத்துகளாலும் எண்களாலும் ஆனது.

எம்1 கார்பைன் பிறந்த கதையைத் தெரிந்துகொண்டால் இந்தப் பித்து புரியும். முன்வரிசையில் நின்று சண்டை போடாத லாரி ஓட்டுநர்கள், சமையல்காரர்கள், பீரங்கிக்காரர்கள், அதிகாரிகள் ஆகியோருக்கு இலேசான ஒரு துப்பாக்கி வேண்டும் என்று அமெரிக்க ராணுவம் கேட்டது. 1941-ல் வின்செஸ்டர் நிறுவனத்தின் வடிவம் தேர்வானது. எடை இரண்டரைக் கிலோ அளவுதான். ஆனால் லட்சக்கணக்கில் வேண்டும், அதுவும் உடனே வேண்டும். ஆயுதத் தொழிற்சாலைகள் ஏற்கெனவே முழு மூச்சில் ஓடிக்கொண்டிருந்ததால், இரும்பை நுணுக்கமாகக் கடையத் தெரிந்த யாராக இருந்தாலும் சரி என்று அரசு ஒப்பந்தம் கொடுத்தது. நம் ஊர் தட்டச்சுப் பள்ளிகளில் பலர் விரல் பழகிய அண்டர்வுட் நிறுவனம் கார்பைன் செய்தது. கணக்கு இயந்திரங்கள் செய்துகொண்டிருந்த ஐ.பி.எம். செய்தது. அஞ்சல் முத்திரை இயந்திரம் செய்த கம்பெனி, காரின் ஸ்டீயரிங் பாகங்கள் செய்த கம்பெனி என்று முதன்மை ஒப்பந்தக்காரர்கள் மட்டும் பத்துப் பேர். போர் முடிவதற்குள் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்பைன்கள் வெளிவந்தன. அமெரிக்க ராணுவத்தின் சிறு ஆயுதங்களில் அந்தப் போர்க்காலத்தில் மிக அதிகமாகச் செய்யப்பட்டது இதுதான்.

பத்தில் ஒன்று தோற்றும் போனது. மிச்சிகன் மாநிலத்தில் இர்வின்-பெடர்சன் என்ற நிறுவனம் செய்த சில ஆயிரம் துப்பாக்கிகளில் ஒன்றைக்கூட ராணுவம் தேர்ச்சி கொடுத்து வாங்கவில்லை. ஆலையை சாகினா நிறுவனம் எடுத்து நடத்த வேண்டியதாயிற்று. அன்று கழித்துக்கட்டப்பட்டது என்பதாலேயே இன்று அந்தப் பெயர் பொறித்த துப்பாக்கிக்குக் கடும் கிராக்கி.

யார் செய்த பாகமும் யார் செய்த துப்பாக்கியிலும் பொருந்த வேண்டும் என்பது ராணுவம் போட்ட கறாரான நிபந்தனை. ஆகவே எந்தப் பாகத்தை யார் செய்தார்கள் என்று அடையாளம் வைப்பதற்கு ஒவ்வொன்றிலும் சுருக்கெழுத்து பொறித்தார்கள். உபஒப்பந்தக்காரர் செய்திருந்தால் அவர் குறியும், யாருக்காகச் செய்தார் என்ற குறியும் சேர்ந்து வரும். 'ஏ.ஓ.பி.' என்று இருந்தால் ஆட்டோ ஆர்டனன்ஸ் நிறுவனம் ஐ.பி.எம்.முக்காகச் செய்தது என்று பொருள். ஓர் ஆலையில் ஏதாவது ஒரு பாகத்துக்குத் தட்டுப்பாடு வந்தால் இன்னோர் ஆலையிலிருந்து அனுப்பிவைக்க ஒப்பந்தக்காரர்கள் கூடி அமைத்த குழு ஒன்றும் இருந்தது. அதனால் ஆலையை விட்டு வெளிவந்த முதல் நாளிலேயே பல துப்பாக்கிகளில் பிறருடைய பாகங்கள் கலந்திருந்தன.

உண்மையான கலப்பு போருக்குப் பிறகு நடந்தது. ராணுவம் தன் கார்பைன்களை ஆயுதக் கிடங்குகளுக்கு வரவழைத்து, பிரித்து, பழுது பார்த்து, புதுப் பாணிக்கு மாற்றியது. 150 கஜம், 300 கஜம் என்று இரண்டே தூரத்துக்குப் புரட்டிப் போடும் பின்குறியை எடுத்துவிட்டு, நகர்த்தித் திருத்தும் குறியை வைத்தார்கள். முன்பட்டையைக் கழற்றி, பயனெட் மாட்டும் கொக்கியுள்ள பட்டையைப் பூட்டினார்கள். பாதுகாப்புப் பொத்தானையும் மாற்றினார்கள். அதன் பக்கத்திலேயே தோட்டாப் பெட்டியைக் கழற்றும் பொத்தானும் இருந்ததால், சண்டை நேரத்தில் சிப்பாய்கள் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை அழுத்திவிட்டார்கள். தோட்டாப் பெட்டி கழன்று தரையில் விழுந்தது. திருப்பிப் போடும் சிறு நெம்புகோல் வந்த பிறகே அந்தத் தொல்லை தீர்ந்தது. இந்த வேலைகளுக்கு இடையில் எந்தப் பாகம் எந்தத் துப்பாக்கியிலிருந்து வந்தது என்று யாரும் கணக்கு வைக்கவில்லை, வைக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. 1963-ல் இவற்றில் ஒரு பெரும் பகுதியை தேசிய ரைஃபிள் சங்கத்தின் உறுப்பினர்களுக்கு ஆளுக்கு ஒன்று, 20 டாலர் விலையில் அரசு விற்றபோது, போன துப்பாக்கிகளில் பெரும்பாலானவை அவியல்தான்.

அந்த அவியலைப் பிரித்து, 1943-ல் ஆலையிலிருந்து வெளிவந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே ஆக்கிவிட வேண்டும் என்பதுதான் இன்றைய சேகரிப்பாளரில் ஒரு சாராரின் ஆசை. அதற்கான சந்தை இணைய ஏலம்.

ஏலத் தளங்களின் வரலாற்றையும் சட்டம்தான் செதுக்கியது. 1963-ல் அதிபர் கென்னடியைக் கொன்ற இத்தாலியத் துப்பாக்கியும் ஒரு பழைய ராணுவ ரைஃபிளே. சிகாகோவின் க்ளைன்ஸ் கடைக்குத் தபாலில் பணம் அனுப்பி, தொலைநோக்கியோடு சேர்த்து 19.95 டாலருக்கு அதை வாங்கியிருந்தார் கொலையாளி ஆஸ்வால்ட். அந்தக் கொலையின் விளைவுகளில் ஒன்று 1968-ம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம். அதன்படி ரிசீவர் எனப்படும் உடற்பகுதிதான் துப்பாக்கி. வரிசை எண் பொறித்த அந்த உடல், மாநிலம் விட்டு மாநிலம் போகும்போது உரிமம் பெற்றவர் வழியாகத்தான் கைமாற வேண்டும். குழல், போல்ட், கட்டை, குறி, திருகு ஆகிய மற்றவை அமெரிக்கக் கூட்டரசுச் சட்டத்தின் பார்வையில் வெறும் உதிரிகள், தபாலில் போகலாம். உதிரிச் சந்தை இவ்வளவு பெரிதாக வளர்ந்ததற்கு வேர் இந்தப் பாகுபாட்டில் இருக்கிறது.

ஈபே 1999-ல் துப்பாக்கி விற்பனையை நிறுத்தியது. அதே ஆண்டு கன்புரோக்கர் என்ற தனி ஏலத் தளம் தோன்றியது. 2007-ல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் துப்பாக்கிச் சூடு நடந்த பிறகு, சுடும் இயக்கத்துக்குத் தேவையான உதிரிகளையும் ஈபே விலக்கியது. மரக்கட்டை, தோள்வார், உறை போன்றவை அங்கேயே தங்கின; போல்ட், குழல் வகையறா தனித்தளங்களுக்குப் போயின. ஒரே துப்பாக்கியை முழுமையாக்க நினைப்பவர் இரண்டு மூன்று தளங்களில் கண் வைத்திருப்பதற்கு இதுவே காரணம்.

ஏலம் முடியும் விதமும் தளத்துக்குத் தளம் வேறு. ஈபேயில் கடிகாரம் சொன்ன நொடியில் கதவு சாத்தப்படும். அதனால் கடைசி நொடிவரை மூச்சுக் காட்டாமல் இருந்துவிட்டு விலையைப் போடுவது பலருடைய வழக்கம். கன்புரோக்கரில் அந்த வித்தை செல்லாது. கடைசிக் கால் மணி நேரத்தில் யாராவது விலை கேட்டால் ஏலம் இன்னும் கால் மணி நேரம் நீளும், நம் ஊர் ஏலக்காரர் 'ஒரு தரம், இரண்டு தரம்' என்று இழுப்பதைப் போல. எங்கே வாங்கினாலும் அனுபவஸ்தர் முதலில் ஓர் உச்ச விலையை முடிவு செய்துகொண்டு, அதைத் தாண்டினால் விட்டுவிடுகிறார். போட்டிச் சூட்டில் தபால் செலவையும் வரியையும் மறந்துவிட்டு, பிறகு கூட்டிப் பார்த்துத் தலையில் கைவைப்பவர்கள் நிறைய.

திறமை வேண்டியது படம் பார்ப்பதில். கார்பைனின் தோள்கட்டையில் நீளவாக்கில் ஒரு பொந்து இருக்கும். விரல் நீளத்துக்கு ஓர் இரும்பு எண்ணெய்க் குழல் அதில் உட்கார்ந்திருக்கும். தோள்வார் அந்தக் குழலைச் சுற்றி வருவதால், எண்ணெய் வைக்கும் குப்பியே வாரைப் பிடிக்கும் பூட்டாகவும் வேலை செய்கிறது. போர்க்காலச் சிக்கனத்தின் அழகான சின்னம். எளிதில் தொலையக்கூடிய பொருள் என்பதால் புதிதாகச் செய்த நகல்கள் சந்தையில் மண்டிக் கிடக்கின்றன. அசலில் மூடியிலோ குழலிலோ செய்தவரின் எழுத்துகள் இருக்கும். மேல்பூச்சு விளிம்புகளில் தேய்ந்து சாம்பல் நிறம் தட்டியிருக்கும். எழுத்து உள்ள பக்கம் படத்தில் இல்லை என்றால் விற்பவரிடம் கேட்டு வாங்கிப் பார்ப்பதே முறை. கேட்டும் அனுப்பாதவரிடம் வாங்காமல் இருப்பது நல்லது.

துப்பாக்கிக் குழலின் மேலே மூடும் மரக்காப்பும் அப்படித்தான். முற்காலத்தில் செய்ததில் இரண்டு ரிவெட்டுகள், பிற்காலத்தில் நான்கு. 1943-ன் துப்பாக்கியை அந்தக் காலத்து உருவத்துக்கே திருப்ப நினைப்பவர் நான்கு ரிவெட் காப்பை வாங்கினால் உழைப்பு வீண். அதே நேரம் இந்த விவரமெல்லாம் தெரியாமல், பெட்டியில் கிடந்ததை 'பழைய துப்பாக்கி மரம்' என்று மட்டும் எழுதி விற்பனைக்குப் போடுபவர்களும் உண்டு. விவரம் தெரிந்தவருக்கு அன்று வேட்டை.

எழுத்துக்கு விலை இருக்கும் இடத்தில் எழுத்தைப் போலி செய்பவரும் இருப்பார். ஆய்வாளர் முத்திரையைப் புதிதாக வெட்டி, வெறும் கட்டையில் குத்தி, கறை பூசி விற்பது பழைய மோசடி. அசல் முத்திரை மரத்தோடு சேர்ந்தே வயதாகியிருக்கும்; எண்ணெய், அழுக்கு, தேய்மானம் எல்லாம் பள்ளத்துக்குள்ளும் ஒரே மாதிரி படிந்திருக்கும். சுற்றிலும் மரம் தேய்ந்து மழுங்கியிருக்க முத்திரை மட்டும் கூர்மையாக நின்றால் சந்தேகப்பட வேண்டும்.

ஜெர்மனியின் மவுசர் கே98கே ரகத்தில் விளையாட்டு எண்களில் நடக்கிறது. துப்பாக்கியின் வரிசை எண்ணையோ அதன் கடைசி இலக்கங்களையோ போல்ட் முதல் சிறு திருகுவரை பொறித்தார்கள் ஜெர்மானியர். எல்லா எண்ணும் ஒத்துப்போகும் துப்பாக்கிக்குத் தனி மதிப்பு. சோவியத் படைகள் கைப்பற்றியவற்றைப் பின்னர் மொத்தமாகப் பிரித்துச் சேர்த்துப் புதுப்பித்தபோது எண்கள் கலைந்தன. பழைய எண்ணை அடித்துவிட்டு மின்ஊசியால் புதிய எண்ணைக் கீறிய போல்ட்டுகள் இன்றும் நிறையக் கிடைக்கின்றன. சரியான இரண்டு இலக்கங்கள் உள்ள ஒரு திருகுக்காகக் காத்துக் கிடப்பவர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள்.

காத்திருப்பதில் இவர்களை விஞ்சுபவர்கள் பிரிட்டனின் 'நம்பர் 4 (டி)' ரகம் வைத்திருப்பவர்கள். லீ-என்ஃபீல்டு துப்பாக்கிகளில் நன்றாகச் சுடுபவற்றைப் பொறுக்கி எடுத்து, லண்டனின் பேர்போன வேட்டைத் துப்பாக்கிக் கம்பெனியான ஹாலண்ட் அண்ட் ஹாலண்டிடம் கொடுத்து, தொலைநோக்கி பொருத்தச் செய்தது பிரிட்டிஷ் ராணுவம். இருபதாயிரத்துக்கு மேற்பட்ட துப்பாக்கிகள் இப்படி ஸ்னைப்பர் துப்பாக்கிகளாக மாறின. ஒவ்வொன்றுக்கும் தொலைநோக்கி தனித்தனியாகச் சரி பார்த்துப் பொருத்தப்பட்டது. தொலைநோக்கியின் எண்ணை அந்தத் துப்பாக்கியின் கட்டையில், கை பிடிக்கும் இடத்துக்கு மேலே குத்தினார்கள். துப்பாக்கியின் எண்ணைத் தொலைநோக்கி மாட்டும் சட்டத்தில் பொறித்தார்கள். போருக்குப் பிறகு பலவற்றில் ஜோடி பிரிந்தது. துப்பாக்கி ஒரு கண்டத்திலும் தொலைநோக்கி இன்னொரு கண்டத்திலும் கிடக்கின்றன. கட்டையில் உள்ள எண்ணை வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் ஏலப் பட்டியல்களைப் புரட்டுபவர்கள் தேடுவது, உலகத்தில் ஒன்றே ஒன்று இருக்கக்கூடிய பொருளை.

இவ்வளவு நுணுக்கம் இல்லாத, ஆனால் மனதுக்கு மிகவும் நிறைவு தரும் வேலை ஒன்றும் இருக்கிறது. போருக்குப் பின் லீ-என்ஃபீல்டுகள் அமெரிக்காவிலும் கனடாவிலும் மலிவாகக் குவிந்தன. மான் வேட்டைக்குப் போகிறவர்கள் அவற்றை வாங்கி, எடை குறைய வேண்டும் என்று முன்கட்டையைப் பாதியில் அறுத்து, பட்டைகளைக் கழற்றி எறிந்தார்கள். குழலையும் இரும்பையும் வெட்டாமல் மரத்தை மட்டும் அறுத்திருந்தால் அந்தத் துப்பாக்கியைப் பழைய உருவத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். முன்கட்டை, மேல்காப்புகள், பட்டைகள், மூக்குமூடி ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஏலத்தில் சேர்க்க வேண்டும்.

இந்த இடத்தில் இந்தியா நேரடியாக வருகிறது. கொல்கத்தாவுக்கு வடக்கே இஷாப்பூரில் உள்ள அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலை லீ-என்ஃபீல்டைப் பல பத்தாண்டுகள் செய்தது. நம் காவல் நிலையங்களில் 'த்ரீ நாட் த்ரீ' என்று பேர் வாங்கிய துப்பாக்கி இதுதான். உத்தரப் பிரதேசக் காவல் துறை 2020 குடியரசு தினத்தோடுதான் அதற்கு விடை கொடுத்தது. இஷாப்பூரிலிருந்து வந்த கட்டைகளும் வெளிநாட்டு உதிரிச் சந்தையில் புழங்குகின்றன. முன்கட்டை பிளந்துவிடாமல் இருக்க குறுக்கே ஒரு திருகு போட்டு இறுக்குவது இந்தியப் பழக்கம். படத்தில் அந்தத் திருகின் தலை தெரிந்தால், அது இந்தியாவில் வேலை பார்த்த மரம் என்று பழகியவர்கள் சொல்லிவிடுவார்கள். ஆஸ்திரேலியத் துப்பாக்கிக்கு அது பொருந்தாது. அவர்கள் தங்கள் நாட்டு மரங்களைப் பயன்படுத்தினார்கள்.

கட்டை வந்து சேர்ந்தவுடன் மாட்டிவிடவும் முடியாது. ராணுவக் கிடங்கில் கிடந்த பயன்படுத்தாத கட்டை என்றால் காஸ்மோலின் என்ற பழுப்பு நிறக் கிரீஸ் ஊறியிருக்கும். அதைப் பொறுமையாகத் துடைத்து எடுக்கவே நாள்கள் ஆகும். அடுத்து, விசைக்கு மேலே ரிசீவரின் பின்பகுதி மரத்தில் அழுந்தும் இரண்டு சிறு முகப்புகள் இருக்கின்றன. சுடும்போது பின்னுதைப்பை வாங்கிக்கொள்வது அந்த இரண்டு இடங்கள்தான். இரும்பும் மரமும் இரு பக்கமும் சமமாகத் தொட வேண்டும். ஒரு பக்கம் இடைவெளி இருந்தால் குறி சிதறும், நாளடைவில் மரமும் வெடிக்கும். கரி தடவி வைத்துப் பார்த்து, கறை பட்ட இடத்தை மட்டும் இழைத்து, மறுபடி வைத்துப் பார்த்து வேலை செய்கிறார்கள். ஆலையில் அன்று தொழிலாளி செய்த அதே வேலை.

உயிரோடு விளையாடும் உதிரிகளும் உண்டு. போல்ட்டை மாற்றினால், தோட்டா உட்காரும் இடைவெளி சரியாக இருக்கிறதா என்று தொழில் தெரிந்த துப்பாக்கிக் கம்மியர் அளவுகோல் வைத்துப் பார்க்காமல் சுடவே கூடாது. லீ-என்ஃபீல்டின் நம்பர் 4 ரகத்துக்கு 0, 1, 2, 3 என்று எண்ணிட்ட நான்கு அளவுகளில் போல்ட் தலை செய்தார்கள் என்பதிலிருந்தே, அந்த இடைவெளி துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும் என்பது புரியும். ராணுவம் கழித்து வெட்டிப் போட்ட ரிசீவர் துண்டுகளை ஒட்டவைத்து விற்கப்பட்ட, அமெரிக்க ராணுவ ரைஃபிளான எம்1 கரேண்டுகளும் பழைய சந்தையில் உண்டு. அவற்றைச் சுவரில் மாட்டி வைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்து இந்தத் தளங்களைப் பார்க்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடக் கூடாது. அமெரிக்காவில் வெறும் உதிரி என்று கருதப்படுவது இங்கே ஆயுதம். 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டம், ஆயுதம் என்ற சொல்லுக்குள் அதன் பாகங்களையும் சேர்த்தே வைத்திருக்கிறது. உரிமம் இல்லாமல் ஒரு போல்ட்டைத் தபாலில் வரவழைத்தால் குற்றம். பிரிட்டனிலும் அழுத்தம் தாங்கும் பாகங்களான குழலுக்கும் போல்ட்டுக்கும் சான்றிதழ் வேண்டும். மரத்துக்கும் வாருக்கும் தேவையில்லை. அமெரிக்காவுக்குள்ளேயும் விதிவிலக்குகள் உண்டு. கார்பைனின் தானியங்கி ரகமான எம்2-க்கே உரிய உதிரிகளை, விவரம் தெரியாமல் சாதாரண எம்1-உடன் சேர்த்து வைத்திருப்பவர், இயந்திரத் துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்கு ஆளாகலாம்.

அறுத்துச் சிதைத்த லீ-என்ஃபீல்டுக்கு மரம் தேடித் தருவது ஒரு பொருளைக் காப்பாற்றும் வேலை. அதைப் பற்றி இரண்டு கருத்து இருக்க முடியாது. நெருடுவது மற்ற இரண்டு பழக்கங்கள். அரிய குறி உள்ள உதிரிகளுக்கு விலை ஏற ஏற, முழுத் துப்பாக்கியை வாங்கிப் பிரித்து, துண்டு துண்டாக ஏலத்தில் விற்றால் லாபம் அதிகம் என்ற நிலை வந்திருக்கிறது. எண்பது ஆண்டுகள் ஒன்றாக இருந்தவை இருபது முகவரிகளுக்குப் போகின்றன. ஒருவருடைய துப்பாக்கி முழுமையாவதற்கு இன்னொரு துப்பாக்கி இல்லாமல் போகிறது.

இரண்டாவது, கிடங்கில் புதுப்பிக்கப்பட்ட கார்பைனைப் பிடித்து 1943-ன் உருவத்துக்குத் திருப்புவது. ராரிட்டன் கிடங்கு, ராக் ஐலண்ட் கிடங்கு என்று முத்திரை விழுந்த கட்டையோடும் பயனெட் கொக்கியோடும் இருக்கும் துப்பாக்கி பொய்யானதல்ல. அண்டர்வுட்டின் குழலும் இன்லண்டின் போல்ட்டும் ஒரே உடலில் சேர்ந்திருப்பது, ராணுவம் அதை உண்மையில் எப்படிப் பயன்படுத்தியது என்பதற்குச் சாட்சி. கொரியப் போருக்குப் போனவற்றில் இந்த மாதிரி ஒட்டுத் துப்பாக்கிகள் நிறைய. அதைக் கலைத்து, ஏலத்தில் வாங்கிய பாகங்களால் ஒரு 'சரியான' ராக்-ஓலாவை உருவாக்கினால் கிடைப்பது பார்க்க அழகான ஒன்று. ஆனால் அது 1943-ல் ராக்-ஓலா செய்ததும் அல்ல, ராணுவம் வைத்திருந்ததும் அல்ல. விற்கும்போது அந்த உண்மையைச் சொல்லாமல் விட்டால், அடுத்தவர் அதை அசல் என்று நம்பி, அதன் படத்தைப் பார்த்து வரலாறு எழுதத் தொடங்குவார்.

மாற்றியே தீர வேண்டும் என்பவர்களில் பொறுப்பானவர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு பாகத்தையும் அதன் குறி தெரியப் படம் எடுக்கிறார்கள். கழற்றியதை விற்காமல் ஓர் உறையில் போட்டு, எந்தத் தேதியில் எது எடுக்கப்பட்டது, அதற்குப் பதில் எது எங்கிருந்து வாங்கப்பட்டது என்று எழுதித் துப்பாக்கியோடு வைக்கிறார்கள். கைமாறும்போது அந்த உறையும் கூடவே போகிறது. வாங்குபவர் விரும்பினால் பழையபடி மாட்டிக்கொள்ளலாம். ஏலத் தளங்கள் இப்படி ஒரு பட்டியலை விற்பனைக் குறிப்போடு இணைக்கச் சொல்லிக் கேட்டால், செலவு அதிகம் பிடிக்காது.